ஒரே நாளில் பதிவான ஆல்பம்: பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டிலிருந்து உங்கள் பேண்டுக்கு ஒரு வழிகாட்டி

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் ஆபி ரோட்டில் உள்ள இஎம்ஐ இசைத்தட்டு நிறுவன ஸ்டுடியோவின் இரண்டாம் எண் கூடத்தில் காலை பத்து மணிக்கு நான்கு இளைஞர்கள் வேலையைத் தொடங்கினார்கள். இரவு பத்தே முக்காலுக்கு முடித்தபோது ஆல்பத்துக்கான பத்துப் பாட்டுகள் டேப்பில் ஏறியிருந்தன. அதற்கு முன் வெளியாகியிருந்த இரண்டு சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள்) நான்கு பாட்டுகளையும் சேர்த்துப் பதினான்கு. மார்ச் 22 அன்று 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற பெயரில் கடைக்கு வந்த அந்த ஆல்பம், மே மாதம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் 30 வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

முதல் ஆல்பம் போட நினைக்கும் பேண்டுகளோடு பேசும்போதெல்லாம் நான் இந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர், "அப்போ நாமும் ஒரே நாளில் முடித்துவிடலாமே" என்கிறார்கள். முடிக்கலாம். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் இரண்டரை வருடம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முடிக்கலாம். ஆல்பம் என்பது ஸ்டுடியோவில் உருவாகிறது என்று நம்பித்தான் நிறையப் பேண்டுகள் பணத்தையும் நட்பையும் தொலைக்கின்றன. ஸ்டுடியோ பதிவுதான் செய்யும். பதிவுசெய்ய என்ன கொண்டுபோகிறோம் என்பதுதான் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான தயாரிப்பும், அதற்குப் பின் செய்ய வேண்டியவையும்.

முதல் படி: பாட்டு மேடையில் வேகட்டும்

1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் முதன்முறையாக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். இந்திரா என்ற கிளப்பில் வார நாட்களில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிப்பதுதான் ஒப்பந்தம். குடித்துவிட்டுச் சத்தம்போடும் கூட்டத்தை அத்தனை நேரம் பிடித்துவைக்க வேண்டும். கையிலிருக்கும் பாட்டு தீர்ந்தால் புதிதாகக் கற்றாக வேண்டும். 1962 டிசம்பர் வரை ஐந்து முறை போய் வந்தார்கள். நடுவில் சொந்த ஊரான லிவர்பூலில் கேவர்ன் கிளப்பில் மாதம் தவறாமல் வாசிப்பு. கடைசி ஹாம்பர்க் பயணம் முடிந்து ஆறே வாரத்தில் ஆல்பம் பதிவானது. கையும் குரலும் சூடாகவே இருந்தன.

உங்களுக்கு ஹாம்பர்க் கிடைக்காது. கல்லூரி விழா, கஃபே மாலை, நண்பர் வீட்டு மொட்டைமாடி கிடைக்கும். அது போதும், எண்ணிக்கை இருந்தால். ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வேண்டுமென்றால் பதினாறு பாட்டு தயாராக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் குறைந்தது பத்து முறையாவது வாசியுங்கள். இந்தப் பத்து என்பது என் அனுபவக் கணக்கு. நண்பர்கள் முன்னால் வாசிப்பது இதில் சேராது, அவர்கள் எப்படியும் கைதட்டுவார்கள்.

ஒவ்வொரு ஒத்திகையையும் ஃபோனில் பதிவுசெய்யுங்கள். அன்றே கேட்க வேண்டாம், மறுநாள் காலையில் கேளுங்கள். எங்கள் பேண்டில் இதைத் தொடங்கிய முதல் வாரமே ஓர் உண்மை தெரிந்தது. சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் நாலு பேருமே வேகம் பிடித்துக்கொண்டிருந்தோம். வாசிக்கும்போது அது உற்சாகமாகத் தெரிந்தது. கேட்கும்போது ஓட்டமாகத் தெரிந்தது. ஒரு பாட்டு ஸ்டுடியோவுக்குத் தயாரா என்று அறிய எளிய சோதனை உண்டு: ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், திரும்பி நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துப் பாருங்கள். முடிவில் எல்லோரும் ஒன்றாக நின்றால் தயார்.

இரண்டாம் படி: தோற்ற இடத்தைத் திரும்பிப் பார்ப்பது

1962 ஜனவரி 1 அன்று டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவர்களைச் சோதித்துப் பார்த்தது. நிராகரித்தும்விட்டது. டெக்காவைக் குறை சொல்லுவது எளிது. ஆனால் அந்தக் காலையை நிதானமாகப் பாருங்கள். முந்தின நாள் பனியில் லிவர்பூலிலிருந்து வேனில் நெடும்பயணம். புத்தாண்டுக் காலையில் சோதனை. சொந்த ஆம்ப்ளிஃபயர்கள் தரமில்லை என்று ஸ்டுடியோவின் ஆம்ப்ளிஃபயரில் வாசிக்க நேர்ந்தது. பதினைந்து பாட்டு வாசித்தார்கள். அதில் சொந்தப் பாட்டு மூன்றே மூன்று. பல வகையிலும் பாடத் தெரியும் என்று காட்டுவதற்காக மேலாளர் ப்ரையன் எப்ஸ்டைன் தேர்ந்த பட்டியல் அது. எல்லாம் தெரியும் என்று காட்டப்போய், தாங்கள் யார் என்பதைக் காட்டாமல் வந்துவிட்டார்கள்.

இதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு நிறுவனத்துக்கோ தயாரிப்பாளருக்கோ டெமோ அனுப்பினால் மூன்று பாட்டு போதும், மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். பதிவுக்கு முந்தின இரவு பயணம் வைக்காதீர்கள். பழகாத கருவியில் முக்கியமான எதையும் வாசிக்காதீர்கள். ஸ்டுடியோவில் இருக்கும் ட்ரம் செட்டைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், ஒரு வாரம் முன்பே போய் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் மறுப்பதில்லை.

மூன்றாம் படி: வெளியிலிருந்து ஒரு காது

இஎம்ஐயின் கிளையான பார்லஃபோனை நடத்திவந்த ஜார்ஜ் மார்ட்டின், அதுவரை நகைச்சுவைத் தட்டுகளுக்குப் பேர்போனவர். பீட்டில்ஸுக்கு அவர் செய்ததில் இரண்டு சம்பவங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முதலாவது: மிட்ச் மரே எழுதிய 'ஹௌ டூ யூ டூ இட்' என்ற பாட்டை முதல் சிங்கிளாகப் போடச் சொன்னார். பையன்கள் பதிவுசெய்து கொடுத்தார்கள், கூடவே தங்கள் பாட்டுத்தான் வெளிவர வேண்டும் என்றும் கேட்டார்கள். மார்ட்டின் இறங்கிவந்தார். அவர் கணிப்பும் பொய்யில்லை. அதே பாட்டை ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் பாடி முதலிடம் பிடித்தார்கள். ஆனாலும் சொந்தப் பாட்டோடு வர வேண்டும் என்ற பீட்டில்ஸின் பிடிவாதம்தான் அவர்கள் பாதையைத் தீர்மானித்தது.

இரண்டாவது: 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை பேண்டின் ஜான் லெனன் முதலில் அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாணியில் மெதுவாக எழுதியிருந்தார். காலப்பிரமாணத்தை ஏற்றச் சொன்னவர் மார்ட்டின். 1962 நவம்பர் 26 அன்று வேகமாக வாசித்து முடித்ததும், உங்கள் முதல் நம்பர் ஒன் பாட்டு இதுதான் என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து சொன்னார். இம்முறை விட்டுக்கொடுத்தது பேண்ட்.

ஒரு தயாரிப்பாளரைத் தேர்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாட்டு ஒன்றைக் கொடுத்து, "எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். "சூப்பரா இருக்கு தம்பி" என்று மட்டும் சொல்பவர் வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரும் வேண்டாம். ஒரே ஓர் இடத்தைக் காட்டி, காரணத்தோடு சொல்பவர்தான் உங்களுக்கானவர். அவரைத் தேடும் முன் வீட்டுப்பாடமாக ஒன்று: எல்லாப் பாட்டையும் இப்போதிருக்கும் வேகத்திலும், பத்து பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு) குறைத்தும், பத்து கூட்டியும் மூன்று விதமாகப் பதிவுசெய்து கேளுங்கள். இரண்டு பாட்டாவது இடம் மாறும்.

ட்ரம்ஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனம் கஷ்டப்படும் விஷயம் என்பதால் பலரும் தள்ளிப்போடுவது இது. 1962 ஜூனில் கேட்டபோது மார்ட்டினுக்கு பீட் பெஸ்ட்டின் ட்ரம்ஸ் திருப்தியாக இல்லை. ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டார் வந்தார். அவரையும்கூட செப்டம்பர் 11 பதிவில் உட்கார வைத்துவிட்டு ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ கலைஞரை வாசிக்க வைத்தார்கள். ஆல்பத்தில் இருக்கும் 'லவ் மீ டூ' அவர் வாசித்ததுதான், ரிங்கோ அதில் டம்பரின் தட்டினார். மேடையில் மன்னிக்கப்படும் தாளப் பிசகு பதிவில் மன்னிக்கப்படாது. உங்கள் ட்ரம்மர் க்ளிக் ட்ராக்கோடு (காதில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டு) இரண்டு மாதம் தினமும் பழகட்டும். அதன்பிறகும் ஒட்டவில்லை என்றால் அந்த ஒரு பாட்டுக்கு வெளியாள் வாசிக்கலாம். இதை ஸ்டுடியோவில் வைத்து முதன்முறையாகச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே, தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள்.

நான்காம் படி: முதலில் சிங்கிள்

'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5 அன்று வெளியாகி 17ஆம் இடம் வரை போனது. அடுத்த சிங்கிளான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963 ஜனவரி 11 அன்று வந்து, அப்போதிருந்த பட்டியல்களில் சிலவற்றில் முதலிடமும் ஒன்றில் இரண்டாமிடமும் பிடித்தது. அந்த வரவேற்பு சூடாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்றுதான் ஆல்பம் இத்தனை அவசரமாகப் பதிவானது.

நீங்களும் இரண்டு மூன்று பாட்டைத் தனித்தனியாக, ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் வெளியிடுங்கள். எந்தப் பாட்டை முகம் தெரியாதவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எந்த நொடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் யூட்யூபே காட்டும். ஆல்பத்தின் வடிவம் அதிலிருந்து வரும்.

ஐந்தாம் படி: பட்டியல்

பதினான்கில் எட்டு லெனனும் இன்னொரு உறுப்பினரான பால் மெக்கார்ட்னியும் எழுதியவை. ஆறு பிறருடையவை, பெரும்பாலும் கேவர்னில் வருடக்கணக்காகப் பாடித் தேய்ந்தவை. கேவர்னிலேயே நேரடியாகப் பதிவுசெய்யலாமா என்றுகூட மார்ட்டின் போய்ப் பார்த்தார், அங்கே ஒலி சரிப்படாததால் கைவிட்டார். ஆனால் அந்த எண்ணமே பட்டியலை முடிவுசெய்துவிட்டது: மேடையில் இருக்கும் பேண்டை அப்படியே கூடத்துக்குள் கொண்டுவருவது.

பிறர் பாட்டைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் பேண்டுகள் சினிமாப் பாட்டோடுதான் வளர்கின்றன. மேடையில் பாடுவது வேறு, ஆல்பத்தில் வெளியிடுவது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு தரும் கவர் உரிமம், மூலப்பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிந்த பிறகே பொருந்தும். அதற்கும் நிபந்தனைகள் நிறைய. எனவே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆறாம் படி: அந்த நாள்

இனி திங்கட்கிழமைக்கு வருவோம். பாடகி ஹெலன் ஷாபிரோவோடு போய்க்கொண்டிருந்த சுற்றுப்பயணத்தின் நடுவில் கிடைத்த நாள் அது. லெனனுக்குக் கடுமையான சளி. மேஜைமேல் தொண்டை மிட்டாய் டப்பா. மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு அமர்வுகள் என்றுதான் திட்டம். இரவு அமர்வு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

காலையில் 'தேர்ஸ் எ ப்ளேஸ்' பத்து டேக், அதாவது பத்து முறை வாசித்துப் பதிந்தார்கள். பிறகு 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' ஒன்பது டேக். மதியம் ஸ்டுடியோக்காரர்கள் சாப்பிடப் போனபோது இவர்கள் பால் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பொறியாளர்கள் அதற்குமுன் அப்படியொரு குழுவைப் பார்த்ததில்லை. மதியத்துக்குமேல் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி', 'டூ யூ வான்ட் டு நோ எ சீக்ரெட்', 'மிஸரி'. மிஸரிக்குப் பதினோரு டேக் ஆனது. சில வாரங்களுக்கு முன்னால்தான், ஷாபிரோ பாடட்டும் என்று எழுதத் தொடங்கிய பாட்டு அது.

இரவில் என்ன நடந்தது பாருங்கள். 'அன்னா' மூன்று டேக். 'பாய்ஸ்' ஒரே டேக். 'செயின்ஸ்' நான்கு. 'பேபி இட்ஸ் யூ' மூன்று. கடைசியாக 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', இரண்டு டேக், அதில் முதல் டேக்தான் தட்டில் இருப்பது. இரண்டாவது எடுக்கும்போது லெனனிடம் குரலே மிச்சமில்லை.

புதிதாக எழுதியவற்றுக்குப் பத்தும் பதினொன்றும், மேடையில் வருடக்கணக்காக வெந்தவற்றுக்கு ஒன்றும் மூன்றும். முதல் படியை நான் அவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஸ்டுடியோவில் மணிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ஒத்திகை அறையில் மிச்சம் வைத்த வேலையை அங்கே செய்தால், அந்தப் பணம் அதற்குப் போகும்.

வரிசையையும் கவனியுங்கள். மனம் தெளிவாக இருக்கும் காலையில் சிக்கலான சொந்தப் பாட்டுகள். களைத்த பிறகும் தானாக வரக்கூடிய பழகிய பாட்டுகள் இரவில். தொண்டையைக் கிழிக்கும் பாட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். அதை மதியமே பாடியிருந்தால் மற்ற பாட்டுகளுக்குக் குரல் இருந்திருக்காது. உங்கள் பட்டியலையும் இப்படியே அடுக்குங்கள்.

ஒரே நாளில் பத்துப் பாட்டு என்ற இலக்கு உங்களுக்குத் தேவையில்லை. மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே ட்ரம்ஸும் மைக்கும் பொருத்தி, ஒலி சரிபார்த்து, பூட்டிவிட்டுப் போங்கள். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்ததும் வாசிக்கலாம். ஒரு பாட்டுக்கு ஐந்தாறு டேக்குக்குமேல் போனால் அடுத்த பாட்டுக்கு நகருங்கள், கோபத்தில் எடுக்கும் ஏழாவது டேக் நல்லதாக வந்து நான் பார்த்ததில்லை. பேண்டில் இல்லாத ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு டேக்குக்கும் எண், நேரம், எங்கே பிசகியது என்று எழுதச் சொல்லுங்கள். மாலையில் உங்கள் நினைவை நம்ப முடியாது. பாடகருக்கு வெந்நீர். மதியம் பிரியாணி வேண்டாம், இரவு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்று இருந்தது இரண்டே ட்ராக் பதியும் டேப் எந்திரம். வாத்தியங்கள் ஒன்றில், குரல்கள் இன்னொன்றில். நால்வரும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்துப் பாடினார்கள். இன்று லேப்டாப்பில் ட்ராக்குக்குக் கணக்கே இல்லை. இருந்தாலும் ட்ரம்ஸ், பேஸ், ரிதம் கிடார் மூன்றையும் ஒன்றாக வாசித்துப் பதியுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. குரலும் சோலோவும் பிறகு சேர்க்கலாம். ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும்போது வரும் இழுவையும் தளர்வும் தனித்தனியாக ஒட்டினால் வராது.

நேரெதிர் வழியில் போய் ஜெயித்தவரும் உண்டு, அவரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எம்ஐடியில் படித்து போலராய்டில் பொறியாளராக இருந்த டாம் ஷோல்ஸ், மாசசூசெட்ஸில் தன் வீட்டு அடித்தளத்தில் பன்னிரண்டு ட்ராக் எந்திரம் வைத்து, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கியதுதான் பாஸ்டன் பேண்டின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் என்று சான்றளிக்கப்பட்டது. அந்த வழிக்கு வருடக்கணக்கான பொறுமையும், ஒரே ஆளின் தலைக்குள் முழு ஆல்பமும் இருக்க வேண்டும். உங்கள் பேண்டில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கே தெரியும்.

ஏழாம் படி: ஆறவைத்துக் கேட்பது

பதிவு முடிந்து ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 20 அன்று, பேண்ட் இல்லாத நேரத்தில் மார்ட்டின் மிஸரியில் பியானோவும் 'பேபி இட்ஸ் யூ'வில் செலஸ்டா என்ற மணியோசைக் கீபோர்டும் சேர்த்தார். பிப்ரவரி 25 அன்று டேக்குகளை ஒட்டும் வேலையும், குரலையும் வாத்தியத்தையும் அளவோடு கலக்கும் மிக்ஸிங்கும். முதல் பாட்டின் தொடக்கத்தில் மெக்கார்ட்னி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவது ஒன்பதாம் டேக்கிலிருந்து வெட்டி முதல் டேக்கின் முன்னால் ஒட்டியது. வழக்கமாக நீக்கிவிடும் அந்த எண்ணிக்கையை அவர் வேண்டுமென்றே வைத்தார். கேட்பவர் மேடை எதிரில் நிற்பதுபோல் உணர்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீங்களும் ஒரு வாரம் எதையும் கேட்காமல் இருங்கள். பிறகு ஹெட்ஃபோனில், ஃபோன் ஸ்பீக்கரில், ஓடும் காரில் கேட்டுக் குறிப்பெழுதுங்கள். வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கை, மிக்ஸிங் செய்தவரல்லாத வேறொருவரிடம் கொடுங்கள்.

எட்டாம் படி: வரிசையும் அட்டையும்

நம் கச்சேரிகளில் வர்ணத்தோடு தொடங்குவதற்கும் பிரதான உருப்படியை நடுவில் வைப்பதற்கும் ஒரு பத்ததி இருப்பதுபோல, தட்டுக்கும் உண்டு. முதல் பக்கம் துள்ளலான பாட்டோடு திறந்து, மக்கள் அறிந்த சிங்கிளோடு மூடுகிறது. இரண்டாம் பக்கம் முதல் சிங்கிளோடு திறந்து, ட்விஸ்ட் அண்ட் ஷவுட்டோடு முடிகிறது. அதன் பிறகு எதை வைத்தாலும் எடுபட்டிருக்காது. இன்று பக்கங்கள் இல்லை, முதல் மூன்று பாட்டுக்குள்ளேயே கேட்பவர் முடிவுசெய்துவிடுகிறார். உங்களை அறிமுகப்படுத்திய சிங்கிள் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

அட்டைக்கு மார்ட்டின் முதலில் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் பூச்சிக் கூடத்தை யோசித்தார். அவர்கள் இடம் தரவில்லை. கடைசியில் இஎம்ஐ அலுவலகப் படிக்கட்டுக் கைப்பிடிமேல் சாய்ந்து நால்வரும் கீழே பார்க்க, ஆங்கஸ் மெக்பீன் கீழிருந்து எடுத்தார். செலவில்லாத இடம், நாலு முகங்களும் தெளிவு. முதல் ஆல்பத்துக்கு முகம் தெரியும் அட்டைதான் என் தேர்வு.

ஒன்பதாம் படி: பணம், கையெழுத்து

அந்தப் பதிவுக்கு ஆன செலவு சுமார் 400 பவுண்டு என்று மார்ட்டின் பின்னாளில் சொன்னார். ஒரு சிங்கிள் விற்றால் பேண்டுக்குக் கிடைத்தது ஒரு பென்னி, அதை நால்வரும் பங்கிட வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு பாட்டுகளின் உரிமையில் நேர்ந்தது. 1963 பிப்ரவரியில் அவர்களுக்காகத் தொடங்கிய நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் பாதிப் பங்கு இசைப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ் தரப்பிடம் இருந்தது. 1969இல் அந்தத் தரப்பு தன் பங்கை ஏடிவி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. லெனனும் மெக்கார்ட்னியும் எவ்வளவு முயன்றும் தங்கள் சொந்தப் பாட்டுகளின் கட்டுப்பாட்டை மீட்க முடியவில்லை.

எனவே ஸ்டுடியோவுக்குப் போகுமுன்பே, ஒவ்வொரு பாட்டுக்கும் யார் மெட்டு, யார் வரிகள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களிடையே இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்றால் காலமும் எல்லையும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று அச்சிட்டிருந்தால் அதைப் பேசித் திருத்தாமல் கையெழுத்திடாதீர்கள். இசையமைத்தவரும் எழுதியவரும், பாட்டுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் இருக்கிறதா என்று விநியோகம் செய்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பத்தாம் படி: வெளியான பிறகு

1963 ஜனவரியில் பிரிட்டனில் கடும் பனி. மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, ஜனவரி 19 அன்று, 'தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர்கள் வந்தார்கள். பனி அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை காட்ட ஒரு நல்ல பாட்டும், தொடர்ந்து ஊர் ஊராகப் போக ஒரு சுற்றுப்பயணமும், மார்ச்சில் வாங்க ஓர் ஆல்பமும் வரிசையாக நின்றன. வெளியீட்டு நாளுக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் மேடைகளை இப்போதே பேசிவையுங்கள்.

ஆல்பம் முதலிடத்தில் இருக்கும்போதும் அவர்கள் காத்திருக்கவில்லை. ஏப்ரலில் 'ஃப்ரம் மீ டு யூ', ஆகஸ்டில் 'ஷீ லவ்ஸ் யூ', இரண்டுமே ஆல்பத்தில் இல்லாத புதுப் பாட்டுகள். ஜூலை 18 அன்றே அடுத்த ஆல்பத்தின் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். அந்த 'வித் த பீட்டில்ஸ்' நவம்பர் 22 அன்று வெளிவந்து, முதல் ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது.

உங்கள் டேக் குறிப்பேட்டையும் ஹார்ட் டிஸ்கையும் பத்திரமாக வையுங்கள், ஆல்பத்தில் சேராத பாட்டுகள் உட்பட. அந்தத் திங்கட்கிழமை இரவு 'ஹோல்ட் மீ டைட்' என்ற பாட்டைப் பதின்மூன்று டேக் எடுத்தும் சரிவராமல் ஒதுக்கினார்கள். செப்டம்பரில் அதை மறுபடி பதிவுசெய்தார்கள். இரண்டாம் ஆல்பத்தில் இருக்கிறது.